17-ஆம் கேள்வி: ஒரு மஞ்சுவிரட்டு வழக்கும் ஒரு பி.எட். சேர்க்கையும்

பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு 2024 ஆகஸ்டில் கல்லூரியிலிருந்து ஒரு குறிப்பாணை வந்தது. சேர்க்கையின்போது உண்மையை மறைத்திருக்கிறீர்கள், உங்கள் சேர்க்கையை ஏன் ரத்து செய்யக் கூடாது, 7 நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும். மறைத்ததாகச் சொல்லப்பட்டது, 2020 தை மாதம் அவர் ஊரில் அனுமதி வாங்காமல் நடந்த மஞ்சுவிரட்டு தொடர்பான வழக்கு. விண்ணப்பத்தின் 17-ஆம் கேள்வி இப்படி இருந்தது: "உங்கள் மீது எப்போதாவது காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ வழக்கு இருந்ததா / இருக்கிறதா?" அவர் எழுதிய பதில்: இல்லை.

அந்தக் கேள்வியை விண்ணப்பத்தில் சேர்த்தவன் நான்தான்.

காரைக்குடிப் பக்கம் அந்தக் கல்லூரி அலுவலகத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கடைசி சில ஆண்டுகள் கண்காணிப்பாளர். விண்ணப்பப் படிவத்தைப் புதுசாக அச்சடிக்கும் வேலை என்னிடம் வந்தபோது, வெளி மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்தேன். அதில் இருந்த இந்தக் கேள்வி பார்க்க கனமாக இருந்தது, நம்முடையதிலும் இருக்கட்டும் என்று போட்டுவிட்டேன். முதல்வர் படித்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். யாராவது "ஆம்" என்று எழுதினால் அந்தத் தாளை யாரிடம் கொண்டுபோவது என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நான் ஓய்வு பெறும் வரை ஒருவர்கூட "ஆம்" எழுதவில்லை. வரப்புத் தகராறும் திருவிழாத் தகராறும் இல்லாத வருஷமே இல்லாத பகுதி இது. அத்தனை பிள்ளைகளும் "இல்லை" என்று எழுதியதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பையனின் ஊர், கல்லூரி, பள்ளி ஆகியவற்றின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. அவர் அனுமதித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது

இந்தப் பக்கம் தை பிறந்தால் மாடு அவிழ்ப்பதுதான் பேச்சு. சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு அரசு அனுமதி உண்டு, மேடை உண்டு, அமைச்சர் வருவார். சின்ன ஊர்களில் அப்படி இல்லை. அரசிதழில் ஊர் பெயர் வர வேண்டும், ஆட்சியரின் அனுமதி வேண்டும், கால்நடை மருத்துவர், ஆம்புலன்ஸ், தடுப்பு வேலி எல்லாம் வேண்டும். 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டு, 2017-ல் சட்டத் திருத்தம் வந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. ஆனால் கண்மாய்ப் பொட்டலில் கட்டுமாடு அவிழ்த்துவிடும் வழக்கத்தை விதி வந்தது என்று ஊர் விட்டுவிடுமா? அன்று அங்கே அப்படித்தான் நடந்தது. கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுத்தார். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவானது. இந்திய தண்டனைச் சட்டம் 188, அரசு ஊழியரின் உத்தரவை மீறியது. 289, விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருந்தது. அறிக்கையில் ஆறு பெயர்கள், "மற்றும் பலர்".

ஆறாவது பெயர் இந்தப் பையனுடையது. தாய்மாமன் மாட்டின் வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் நிலையத்துக்குக் கூட்டிப்போய், வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "போய்ப் படிடா" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் மாமா சொன்னது: "கேஸெல்லாம் ஒண்ணும் இல்ல மாப்ள, பேசி விட்டாச்சு." சம்மன் வரவில்லை, நீதிமன்றம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடப் பையனுக்குத் தெரியாது. கணிதத்தில் இளங்கலை முடித்து 2023-ல் பி.எட். சேர்ந்தார்.

2014-ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும நெறிமுறைக்குப் பிறகு பி.எட். இரண்டாண்டுப் படிப்பு. இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். இவருக்கு ஒதுக்கியது ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி. குருகிராமில் ஒரு பள்ளிச் சிறுவன் கொல்லப்பட்டதை அடுத்து, ஊழியர்கள் எல்லாரையும் காவல்துறை மூலம் சரிபார்க்கச் சொல்லி 2017 செப்டம்பரில் சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. பயிற்சி மாணவரும் வகுப்பறைக்குள் பிள்ளைகளோடு இருப்பவர்தானே என்று அந்தப் பள்ளி இவரிடமும் சான்று கேட்டது. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நான் பெற்றவனாக இருந்தாலும் கேட்கத்தான் சொல்வேன்.

பையன் காவல்துறை இணையதளத்தில் விண்ணப்பித்தார். தனிப்பிரிவுக் காவலர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார். சில நாளில் வந்த அறிக்கையில் குற்ற எண்ணும் பிரிவுகளும் "விசாரணையில் உள்ளது" என்ற வரியும் இருந்தன. பள்ளி அதைக் கல்லூரிக்கு அனுப்பியது. கல்லூரி அலுவலகத்தில் ஒருவர் பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்து 17-ஆம் கேள்வியைப் பார்த்தார். மறுநாளே குறிப்பாணை.

அவருடைய அத்தை எங்கள் தெருவில்தான் இருக்கிறார். செக்காலையில் என் வீட்டுத் திண்ணையில் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து வைத்தார்கள். "ஐயா, நீங்க அங்கதான இருந்தீங்க, கொஞ்சம் பாருங்களேன்."

உறையில் இருந்த தாள்கள்

முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பையன் இணையத்திலிருந்து இறக்கி வைத்திருந்தார். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதால் அது சுலபமாகக் கிடைத்தது. ஆறாவது பெயருக்குப் பக்கத்தில் "வயது 20/20" என்று இருந்தது. பையன் அதைக் காட்டி, "முழு மார்க் போட்டிருக்காங்க சார்" என்று சிரிக்கப் பார்த்தார். நம் காவல் நிலையங்களில் வயதை எழுதும் முறை அது. முதல் எண் வயது, அடுத்த எண் வருஷம். 2020-ல் இவருக்கு 20 வயது என்று அர்த்தம்.

எனக்கு இடித்தது. பிளஸ் டூ படிக்கும் பையனுக்கு எப்படி 20? பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் கேட்டேன். 2002 மே மாதம் பிறந்தவர். மாடு அவிழ்த்த அன்று 17 வயதும் எட்டு மாதமும். நிலையத்தில் யாரும் வயதைக் கேட்கவில்லை. மீசையைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஒரு எண்ணில்தான் எல்லாமே இருந்தது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 நிறையாதவர் குழந்தை. அவர் சட்டத்தோடு முரண்பட்டதாகக் கண்டறிந்தாலும், பின்னால் அது எந்தத் தகுதிக்குறைவாகவும் ஆகக் கூடாது என்கிறது 24-ஆம் பிரிவு. 16 வயது தாண்டிக் கொடுங்குற்றம் செய்து, பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 74(2) இன்னும் நேராகவே சொல்கிறது: குழந்தையின் ஆவணத்தை நடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளியிடக் கூடாது. முதலில் முடிந்த வழக்குகளுக்கு மட்டும் இருந்த அந்தத் தடையை 2021 திருத்தம் நிலுவையில் உள்ள வழக்குக்கும் நீட்டியது. ஆக, அந்தச் சரிபார்ப்பு அறிக்கையில் இந்த வரியே வந்திருக்கக் கூடாது.

வயதை விட்டுவிட்டாலும் அந்த வழக்கு நிற்குமா? 188-க்கு நீதிமன்றம் வழக்கை ஏற்க வேண்டுமானால், உத்தரவு போட்ட அரசு ஊழியரோ அவருக்கு மேலுள்ளவரோ நேரடியாக நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195-ஆம் பிரிவு. ஜீவானந்தம் வழக்கில் 2018 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை விரிவாக எடுத்துச் சொல்லி, 188-க்குக் காவல்துறை முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது என்றது. அதாவது இந்த வழக்கு பதிவாவதற்கு ஒன்றே கால் வருஷம் முன்பே! 289-க்கு அதிகபட்சம் ஆறு மாதத் தண்டனை. அந்த அளவு குற்றத்துக்கு ஓராண்டுக்குள் நீதிமன்றம் வழக்கை ஏற்றாக வேண்டும் என்கிறது அதே நடைமுறைச் சட்டத்தின் 468-ஆம் பிரிவு. நான்கரை வருஷமாகக் குற்றப்பத்திரிகையே போகவில்லை. யாருக்கும் தேவைப்படாமல், யாரும் மூடாமல், கணினியில் மட்டும் உயிரோடு இருந்த வழக்கு அது.

உறையின் அடியில் இன்னொரு தாள் இருந்தது. உடல்தகுதிச் சான்று. சேர்க்கையின்போது எல்லாரும் கொடுப்பது. "கண்ணாடி இல்லாமல் பார்வை: 6/6" என்று மருத்துவரின் முத்திரையோடு இருந்தது. பையன் மூக்கில் சோடாபுட்டிக் கண்ணாடி. எட்டாம் வகுப்பிலிருந்து போடுகிறாராம். "டாக்டர் நிமிர்ந்தே பாக்கல சார், வரிசையா சீல் வச்சாரு." இதை யாரும் உண்மை மறைப்பு என்று சொல்லவில்லை. அலுவலகத்தில் நானே இப்படி எத்தனை சான்றுகளைக் கோப்பில் கட்டியிருப்பேன்.

உடல்தகுதி பற்றித் தனியாகவே எழுத வேண்டும். மருத்துவப் படிப்பில் அது எந்த அளவுக்குப் போயிற்று என்றால், 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடு என்ற எண்ணை மட்டும் வைத்து மாணவரைத் தள்ளக் கூடாது, அவரால் படிப்பை முடிக்க முடியுமா என்று குழு பார்த்துச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் சொல்ல வேண்டியிருந்தது. எண்ணைப் பார்ப்பது சுலபம், ஆளைப் பார்ப்பதுதான் வேலை. காவல்துறைச் சான்றிலும் கிட்டத்தட்ட அதே கதை.

மறைத்தாரா?

கல்லூரியின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. "வழக்கு சின்னதா பெரிதா என்பது எங்களுக்கு வேண்டாம் சார். கேட்டதற்குப் பொய் எழுதினார். நாளைக்கு ஆசிரியராகப் போகிறவர்" என்றார் இப்போதைய கண்காணிப்பாளர். என்னிடம் வேலை கற்றவர். அவரிடம் கோபப்பட முடியவில்லை.

வேலைக்குச் சேருகிறவர் சரிபார்ப்புப் படிவத்தில் வழக்கை மறைத்தால் என்ன செய்வது என்பதற்கு அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதி அமர்வு 2016 ஜூலையில் வழி சொல்லியிருக்கிறது. அது வேலைக்கான தீர்ப்பு, மாணவர் சேர்க்கைக்கு அப்படியே ஒட்டாது. ஆனாலும் இந்த விஷயத்தில் ஒரு கல்லூரி கையில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. படிவத்தின் கேள்வி குழப்பமில்லாமல் குறிப்பாக இருக்க வேண்டும். மறைத்தார் என்று சொல்லும் முன் அந்த விஷயம் அவருக்குத் தெரிந்திருந்ததா என்று பார்க்க வேண்டும். இளவயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன வழக்காக இருந்து, சொல்லியிருந்தாலும் தகுதி போயிருக்காது என்றால், மறைத்ததைப் பெரிதுபடுத்தாமல் விடலாம். பெரிய குற்றமாக இருந்தால் நிலைமை வேறு.

இவருக்குத் தெரிந்திருந்ததா? நேரடியாகவே கேட்டேன். "ஸ்டேஷனுக்குப் போனது தெரியும் சார். அதுக்குப் பேரு கேஸ்னு தெரியாது." நான் நம்புகிறேன். முழுசாக நம்புகிறேனா என்று கேட்டால், முக்கால்வாசி. படிவம் நிரப்பும்போது கை கொஞ்சம் தயங்கியிருக்கும். ஆனால் "ஆம்" என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த அலுவலகம் எனக்குத் தெரியும். விண்ணப்பத்தைத் தனியே எடுத்து வைத்து, "முதல்வர் பார்க்கட்டும்" என்று சொல்லி, முதல்வர் "தாளாளரிடம் கேட்போம்" என்று சொல்லி, அதற்குள் இடம் நிரம்பியிருக்கும். உண்மை சொன்னவருக்கு என்ன கிடைக்கும் என்று படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை எழுதாமல் விட்டதும் நான்தான்.

செட்டிநாட்டுக்குப் பின்னணி விசாரிப்பது ஒன்றும் புதுசில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடைக்கு ஆள் அனுப்பிய காலத்தில் சம்பளச் சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் எழுதி மூன்று வருஷக் கணக்குக்கு அனுப்பினார்கள். பெட்டகச் சாவியையே கொடுத்து அனுப்ப வேண்டும், சும்மா அனுப்புவார்களா? எந்தக் கோயில், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, யார் பொறுப்பு என்று கேட்டுத்தான் சீட்டு எழுதுவார்கள். கேட்டவரே முடிவெடுத்தார், தவறு நடந்தால் நஷ்டமும் அவருடையது. எங்கள் 17-ஆம் கேள்வியைக் கேட்டது அச்சகத்துத் தாள்.

மற்ற இடங்களில்

தேவகோட்டைப் பக்கத்துப் பெண் ஒருவர் இங்கிலாந்தில் நர்சிங் சேர்ந்தபோது நடந்ததைச் சொன்னார். அங்கே நோயாளி, குழந்தை, முதியவர் பக்கத்தில் போகும் படிப்புகளுக்கு டி.பி.எஸ். எனப்படும் அரசு அமைப்பின் விரிவான சரிபார்ப்பு உண்டு. 2012-ல் இரண்டு பழைய அமைப்புகளைச் சேர்த்து உருவாக்கியது அது. ஐந்து வருஷத்து வீட்டு முகவரிகள் கேட்டார்கள், இந்தியாவிலிருந்து காவல்துறைச் சான்று கேட்டார்கள், தடுப்பூசி விவரமும் உடல்நலக் கேள்வித்தாளும் தனி. கெடுபிடி நம்மைவிட அதிகம். ஆனால் ஏதாவது தெரியவந்தால் அதைப் பார்க்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு உண்டு, மாணவர் தன் தரப்பைச் சொல்லலாம், மேல்முறையீடு உண்டு. அத்தோடு, எல்லாப் படிப்புக்கும் எல்லாரிடமும் தண்டனை விவரம் கேட்டுக்கொண்டிருந்த பெட்டியை அங்குள்ள பொதுச் சேர்க்கை அமைப்பான யூகாஸ் 2019 சேர்க்கையிலிருந்து எடுத்துவிட்டது. வேலையின் தன்மை கேட்கச் சொல்லும் படிப்புகளில் மட்டும் கேள்வி தொடர்கிறது.

நம் நாட்டில் சட்டப் படிப்பு எதிர்த்திசையில் போகிறது. இந்திய பார் கவுன்சில் 2024 செப்டம்பரில் அனுப்பிய சுற்றறிக்கைப்படி, சட்ட மாணவர் இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டமும் வாங்கும் முன், நடப்பில் உள்ள முதல் தகவல் அறிக்கை, வழக்கு, தண்டனை, விடுதலை எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும். விடுதலையானதையும்! கல்லூரி அதைப் பார் கவுன்சிலுக்கு அனுப்பி, பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவோ முக்கியமாக ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரைத்தான் பதிவு செய்யத் தடுக்கிறது. அதுவும் தண்டனை முடிந்து வெளியே வந்து இரண்டாண்டு கழிந்தால் தடை நீங்கும். தண்டனை பெற்றவருக்கே இரண்டு வருஷத்தில் கதவு திறக்கும்போது, வெறும் முதல் தகவல் அறிக்கையில் பெயர் வந்தவரின் பட்டம் மேசையில் காத்திருப்பது எனக்கு ஒட்டவில்லை.

முடிந்த விதம்

7 நாளில் பதில் போட வேண்டும் அல்லவா. இரண்டு தாள் எழுதினோம். கல்லூரிக்கு ஒன்று: சம்பவத்தின்போது 18 நிறையவில்லை, வழக்கு பதிவானது எனக்குத் தெரிவிக்கப்படவில்லை, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகல் இணைப்பு. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஒன்று: 74(2)-ஐச் சுட்டி, வயதைத் திருத்தி, சரிபார்ப்பு அறிக்கையை மாற்றித் தரக் கோரி. வயதுக்குப் பள்ளிச் சான்றிதழைத்தான் முதல் ஆதாரமாக எடுக்க வேண்டும் என்று அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு சொல்வதையும் சேர்த்தோம். மதுரைக் கிளைக்குப் போய் வழக்கை ரத்து செய்யச் சொல்லலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். சரியான வழிதான், செலவும் நாளும்தான் இடித்தது. முதலில் மனு கொடுத்துப் பார்ப்போம் என்றோம்.

சிவகங்கைக்கு நான்கு நடை. மூன்றாவது நடையில் ஒரு துணை ஆய்வாளர் சான்றிதழையும் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதை அன்னிக்கே காட்டியிருந்தா பெயரே வந்திருக்காதே தம்பி" என்றார். காட்டச் சொல்லி யார் கேட்டார்கள் என்று பையன் கேட்கவில்லை. நல்ல பிள்ளை. ஏழாவது வாரம் குறிப்பு எதுவும் இல்லாத புது அறிக்கை வந்தது. மாமா மேல் இருந்த பகுதி என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை.

அந்தப் பள்ளி அதற்குள் வேறு மாணவரை எடுத்துக்கொண்டது. முதன்மைக் கல்வி அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் போட்டார்கள். 16 வாரம் என்றால் 16 வாரம்தான், குறைக்க முடியாது. மற்றவர்கள் பயிற்சிப் பதிவேட்டை ஒப்படைத்துவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது இவர் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்திக்கொண்டிருந்தார். கல்லூரி சேர்க்கையை ரத்து செய்யவில்லை. "எதிர்காலத்தில் கவனமாக இருக்குமாறு எச்சரிக்கப்படுகிறார்" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடியது. அந்த வரியும் தேவையில்லை என்று முதல்வரிடம் போய்ச் சொன்னேன். தகுதிக்குறைவாகக் கருதக் கூடாது என்று சட்டம் சொன்ன ஒன்றுக்காகக் கோப்பில் எச்சரிக்கை எப்படி இருக்கும்? பார்க்கிறேன் என்றார்.

பதிலுக்கு ஒரு வேலை கொடுத்தார். "நீங்கதான் போட்டீங்களாம், நீங்களே மாத்திக் கொடுங்க." ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். 18 வயதுக்குப் பிறகு, குழந்தைகளுக்கு எதிரான குற்றம், பாலியல் குற்றம், கடும் வன்முறை ஆகியவற்றில் தண்டனை பெற்றவரா, அல்லது குற்றப்பத்திரிகை தாக்கலாகி நிலுவையில் உள்ளதா என்பது மட்டும் கேள்வி. அடியில் நான்கு வரி: "ஆம்" என்று எழுதுவதால் மட்டும் விண்ணப்பம் நிராகரிக்கப்படாது. மூன்று பேர் குழு 15 நாளில் உங்களை அழைத்துக் கேட்கும். முடிவு எழுத்தில் தரப்படும். ஒப்புக்கொள்ளாவிட்டால் தாளாளரிடம் முறையிடலாம். குழுவில் ஒருவர் வெளியாளாக, சட்டம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று குறித்திருந்தேன்.

2025 சேர்க்கைக்கு அச்சான படிவத்தை ஒரு நாள் கொண்டுவந்து கொடுத்தார்கள். கேள்வி நான் எழுதியபடியே இருந்தது. நான்கு வரியில் மூன்று இருந்தன, முறையீட்டு வரி இல்லை. குழு உறுப்பினர் பெயர்களுக்கு மூன்று புள்ளிக்கோடுகள் விட்டிருந்தார்கள். இரண்டில் பெயர் இருந்தது. வெளியாளுக்கான கோட்டுக்கு நேரே பென்சிலால் என் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். எனக்குச் சட்டம் தெரியாது, ஒரு வக்கீலைப் போடுங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.